பேர் சொல்லாத பிள்ளை

பயப்படுவது கோசலைக்கு இரண்டாவது வேலை. முதலாவது வேலை பாரிசின் ரூ காய் தெருவில், அருட்பிரகாசத்தின் மரக்கறிக் கடையில். காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலரை வரை, பாவற்காயில் பழுத்ததையும் முருங்கைக்காயில் முற்றியதையும் தெரிந்து ஒதுக்குவாள். அந்த வேலைக்குத் திங்கட்கிழமை லீவு உண்டு. இரண்டாவதற்கு அதுவும் கிடையாது.

பாரிசுக்கு வந்தது 2006இல். ஒன்பது வருடமாகியும் தபால் பெட்டியில் பெயர் ஒட்ட அவள் விடவில்லை. கணவன் குகதாசன் ஒட்டுவான், அவள் இறங்கும்போது நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவாள். கரண்டுக் கடிதங்கள் ஆள் இல்லையென்று திரும்பிப் போய், ஒருநாள் வீடே இருண்டு கிடந்த பிறகுதான் 'கு' என்று ஓர் எழுத்து ஒட்டச் சம்மதித்தாள். வதிவிட கார்ட் கைப்பையில், மூன்று பிளாஸ்டிக் உறைக்குள், சாமிப்படம் மாதிரிப் பத்திரமாக இருக்கும். ஆனாலும் சீருடையைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் மாறிவிடுவாள்.

"கார்ட் இருக்குத்தானே, ஏன் ஓடுறாய்?" என்று குகதாசன் கேட்பான்.

"கார்டைப் பாத்தா பேர் தெரிஞ்சிடுமெல்லே" என்பாள் கோசலை.

அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உணவகத்துக்கு வேலைக்குப் போய்விடுவான்.

சிரிக்கலாம். ஆனால் பெயர் என்பது அவளுக்கு அப்படியொரு பொருள். 1997இல், பதினெட்டு வயதில், ஊரில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் சனத்தோடு பாடசாலை மைதானத்தில் வெயிலில் நின்றவள். அங்கே ஒருவனைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். தலையைச் சாக்கு மூடியிருந்தது, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. காட்டிக்கொடுக்கிறவன், தலையாட்டி என்று சனம் சொல்லும். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நின்று பெயரைச் சொல்ல வேண்டும். அண்ணன் சிவமணி சொன்னான். சாக்கு ஒருமுறை மேலும் கீழும் அசைந்தது. அதன் பிறகு அண்ணனை யாரும் காணவில்லை.

அதனால்தான் மகள் கஜனி பேசத் தொடங்கிய நாளிலிருந்தே வாய்ப்பாடு மாதிரி ஒன்றைப் பழக்கி வைத்திருந்தாள். சீப்பால் தலை இழுக்கும்போது, தினமும் காலையில் நடக்கும்.

"ஆர் பேர் கேட்டாலும்?"

"சொல்லமாட்டன்."

"வீடு எங்கை எண்டு கேட்டா?"

"தெரியாது."

"அம்மா ஆர் எண்டு கேட்டா?"

"தெரியாது."

பிள்ளை இதில் மகா கெட்டிக்காரி. நாலு வயதில் ஒரு டாக்டர், "உன் பெயர் என்ன, செல்லம்?" என்று கேட்கக் கேட்க உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தாள். அவர் காது சோதிக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். காதில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து கோசலை பிள்ளைக்குப் பாயாசம் காய்ச்சிக் கொடுத்தாள்.

இந்தப் பிள்ளைக்குத்தான் 2015இல், ஏழு வயதில், ஹலோவீன் ஆசை வந்தது. ஒக்ரோபர் முப்பத்தோராம் தேதி, சனிக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை. பேய் வேடம் போட்டு, "இனிப்பா, சூனியமா?" என்று கேட்டுக்கொண்டு போவதாம். பாரிசில் வாசற்கதவெல்லாம் கோட் நம்பர் அடித்தால்தான் திறக்கும், அதனால் பிள்ளைகள் வீடு வீடாகப் போவதில்லை, கடை கடையாகப் போகிறார்கள். கஜனி மூன்று நாள் அழுதாள், அதுவும் பிரெஞ்சில். எல்லாரும் போகிறார்கள், நான் மட்டும் யன்னலால் பார்ப்பதா என்பதே அதன் சாரம்.

கீழ்வீட்டு பியட்றிஸ்தான் நடுவில் வந்தாள். குருநகர்க்காரி, கோசலையைவிட ஆறேழு வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகளைப் பெற்று இந்தத் தெருக்களிலேயே வளர்ப்பவள்.

"என்ரை சேந்தனும் சின்னவளும் வருகினம். நானும் வாறன், நீரும் வாரும். ஆறரைக்குள்ளை வீட்டிலை நிப்பம். பிள்ளையைப் பூட்டி வைச்சு என்ன அவிக்கப்போறீரோ?"

பியட்றிசிடம் எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. துணி நிலத்தில் இழுபடக் கூடாது, தடக்கி விழும். முதுகில் மின்னுகிற நாடா தைக்க வேண்டும், காரோட்டிக்குத் தெரியட்டும். கையை விடக் கூடாது. பச்சை மனிதன் எரியாமல் தெருவைக் கடக்கக் கூடாது. கடை வாசலில் மட்டும் கேட்க வேண்டும், ஒருவருடைய வீட்டுக்குள்ளும் போகக் கூடாது. வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் இனிப்பை வாயில் வைக்க வேண்டும். "துலைஞ்சா அழுதுகொண்டு ஓடாதை. பச்சைக் குருசு மின்னுமெல்லே, அது பார்மசி, மருந்துக்கடை. அதுக்குள்ளை போய் வெள்ளைச் சட்டைக்காரருக்குப் பக்கத்திலை நில்." கடைசியாகப் பேனையால் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தாயின் போன் நம்பரை எழுதினாள்.

கோசலை அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரெல்லாம் பார்க்க, பிள்ளையின் கையில்! மகளை மேலே தன் வீட்டுக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தேங்காயெண்ணெய் போட்டு உரசி, தடமே இல்லாமல் அழித்தாள். பியட்றிசிடம் அதைச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது நடு அறையில் வெள்ளையாக ஒன்று நின்றது. தலையிலிருந்து கணுக்கால் வரை பழைய படுக்கை விரிப்பு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அது சேந்தன்தான், தன் வேடத்தைக் காட்ட மேலே ஓடிவந்திருந்தான். கோசலை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, வடிவா இருக்கோ?" என்றது விரிப்பு.

கஜனிக்கும் அதேபோல ஒன்று வெட்டியாயிற்று. வேண்டாம் என்று சொல்ல கோசலை வாயைத் திறந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ஓட்டைகளை மட்டும் கத்தரிக்கோலால் பெரிதாக்கினாள், பிள்ளையின் கண்ணும் புருவமும் நன்றாகத் தெரியும்படி. அப்படியும் மனம் ஆறவில்லை.

கோசலை அன்று கடையில் அரைநாள் லீவு எடுத்திருந்தாள். ஐந்து மணிக்கு மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கத்து வீட்டிலிருந்து இறங்கி ரூ பிலிப்-து-ஜிரார் தெரு வழியாக நடந்தார்கள். குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணி பின்தள்ளி ஒரு கிழமைதான், அதற்குள் பொழுது பட்டுக்கொண்டு வந்தது. பேக்கரியில் சொக்லேட் கிடைத்தது. பூக்கடையில் ஆளுக்கொரு ரோஜாவும் முத்தமும். தமிழ்க் கடைகளில்தான் வேடிக்கை. புடவைக் கடைக்காரி இனிப்பு இல்லையென்று ஒட்டுப்பொட்டு அட்டைகளைக் கொடுத்தாள். அருட்பிரகாசம் கல்லாவை விட்டு எழும்பி வந்து, மூன்று வெள்ளை உருவங்களையும் மேலும் கீழும் பார்த்தார்.

"பேயளுக்கு என்ன குடுக்கிறது? எனக்கு வழமை தெரியாதே" என்றார்.

"கச்சான் அல்வா குடுங்கோ" என்றது ஒரு பேய், சுத்தத் தமிழில்.

அவர் சிரித்துச் சிரித்து, ஆளுக்கு இரண்டு கட்டி கொடுத்தார். கஜனி விரிப்புக்குள்ளே துள்ளினாள். பிள்ளை இப்படிச் சிரித்து கோசலை கேட்டதில்லை. அவளுக்கும் ஒரு கணம் நெஞ்சு இளகியது. அந்த ஒரு கணத்துக்காகத் தன்னையே கடிந்துகொண்டு, மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

திரும்பும்போது நன்றாக இருண்டுவிட்டது. தெருவில் இப்போது பெரிய பொடியன்களும் இறங்கியிருந்தார்கள். மண்டையோட்டு முகமூடி, இரத்தம் வடிகிற முகமூடி. பியட்றிஸ் தன் இருவரோடும் பத்தடி முன்னால் போனாள். பின்னால் கோசலையும் கஜனியும். ஒரு சந்தில் அந்தப் பொடியன்கள் சீனவெடிக் கட்டு ஒன்றைக் கொளுத்தி நடைபாதையில் எறிந்தார்கள்.

படபடவென்று வெடித்தது.

புகை அடங்கியபோது, நிறுத்தியிருந்த ஒரு காருக்குப் பின்னால் கோசலை நிலத்தோடு நிலமாகக் கிடந்தாள். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. தலையை இறுகப் பொத்தியிருந்தாள். இரண்டு கையாலும்.

இரண்டு கையாலும் என்பது அவளுக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. எழும்பினாள். பக்கத்தில் பிள்ளை இல்லை.

"கஜனி!"

ஏழு வருடத்தில் அந்தப் பெயரைத் தெருவில் அவள் சத்தமாகச் சொன்னதில்லை. இப்போது கத்தினாள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை விரிப்பு தெரிந்தது. ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தாள், வேறு யாரோ ஒரு பொடியன். தாய்க்காரி ஏசினாள். இன்னொரு விரிப்பு, அதுவும் இல்லை. அன்று அந்தத் தெருவில் எத்தனை பேய்! எல்லாம் ஒரே மாதிரி. 

பியட்றிஸ் ஓடிவந்தாள். "பயப்பிடாதையும். கையிலை நம்பர் இருக்குத்தானே, ஆரும் போன் எடுப்பினம்."

"இல்லை அக்கா."

"என்ன இல்லை?"

"நான் அழிச்சுப்போட்டன்."

பியட்றிஸ் ஏசியிருந்தால்கூடக் கோசலை தாங்கியிருப்பாள். "பேர் கேட்டாச் சொல்லுவாள்தானே?" என்றாள் பியட்றிஸ். அப்போதுதான் கோசலைக்கு முழுதாக உறைத்தது. சொல்லமாட்டாள். யார் கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், விடியும் வரை வைத்துக் கேட்டாலும் சொல்லமாட்டாள். அப்படித்தான் வளர்த்திருக்கிறாள். காணாமல் போனால் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி, தன் கையாலேயே, அருமையாக.

பியட்றிஸ் பிள்ளைகளோடு வந்த வழியே திரும்பித் தேடப் போனாள். கோசலை மெத்திரோ ரயில் நிலையப் பக்கம் ஓடினாள். படிக்கட்டு வாசலில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். கால் தன்பாட்டில் தெருவின் மற்றப் பக்கம் திரும்பப் பார்த்தது. அவள் விடவில்லை. நேரே போய் அவர்கள் முன்னால் நின்றாள்.

"என் பிள்ளை. பெண்பிள்ளை. ஏழு வயது. வெள்ளை விரிப்பு" என்றாள், தெரிந்த பிரெஞ்சில்.

"பெயர்?" என்று கேட்டார் மூத்தவர், சிறு புத்தகத்தைத் திறந்தபடி.

அந்த மைதானத்து வெயில் முதுகில் அடித்தது. பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். பிள்ளையின் பெயர், குகதாசனின் பெயர், தெரு, கதவிலக்கம், எத்தனையாம் மாடி, அவன் வேலை செய்யும் உணவகம். கேளாததையும் சொன்னாள். பிள்ளைக்கு வலது காதின் பின்னால் மச்சம் என்றும் சொன்னாள்.

இளையவர் ரேடியோவில் பேசிவிட்டு அவளிடம் திரும்பினார். "அம்மா, உங்கள் மகள் பேசுவாளா?"

"பேசுவாள்" என்றாள் கோசலை. "ஆனால் பேசமாட்டாள்."

பொலிஸ்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பக்கத்துத் தெருப் பார்மசியில் ஒரு சிறுமி தானாக உள்ளே வந்து நிற்கிறாள், அரைமணி நேரமாக ஒரு வார்த்தையும் இல்லை, வாய் பேசாத பிள்ளை போலிருக்கிறது என்று கடைக்காரப் பெண்மணி பொலிசுக்கு அறிவித்திருந்தாள்.

ஓடினார்கள். கோசலை பொலிஸ்காரர்களுக்கு முன்னால் ஓடினாள்.

பார்மசியின் மூலையில், இருமல் மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில், வெள்ளைக் கோட் போட்ட பெண்மணி ஒரு கதிரையைப் போட்டிருந்தாள். அதில் கஜனி இருந்தாள். விரிப்பைக் கழற்றி மடியில் சுருட்டி அணைத்திருந்தாள். உதடு ஒட்டுப்போட்டதுபோல் மூடியிருந்தது. முகமெல்லாம் கண்ணீர்க் கோடு. தாயைக் கண்டதும் எழும்பினாள். ஆனால் ஓடிவரவில்லை.

மூத்த பொலிஸ்காரர் முழங்காலைத் தாழ்த்திக் குனிந்து, கோசலையைக் காட்டினார். "செல்லம், இவர் உன் அம்மாவா?"

கஜனி அவருடைய சீருடையைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். திறந்திருந்த சிறு புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு தாயிடம் மெதுவாக, தமிழில் கேட்டாள்.

"அம்மா, சொன்னா இவையள் உங்களையும் மாமா மாதிரிக் கொண்டுபோயிடுவினமோ?"

மாமா சிவமணியின் கதையை அவள் பிள்ளைக்குச் சொன்னதே இல்லை. குகதாசனிடம், பிள்ளை நித்திரை என்று நினைத்து அழுதிருக்கிறாள், அவ்வளவுதான். தெரியாத கடையில், தெரியாத ஆட்கள் நடுவில் பசியோடும் பயத்தோடும் அரைமணி நேரம் இந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தது தன்னைக் காப்பாற்ற இல்லை. தாயைக் காப்பாற்ற.

கோசலை அப்படியே நிலத்தில் அமர்ந்தாள். பொலிஸ்காரரை நிமிர்ந்து பார்த்து, பிள்ளைக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"நான் கோசலை. இது என் மகள் கஜனி. நான்தான் அம்மா."

பொலிஸ்காரர் அதை எழுதினார். கஜனி அசையாமல் நின்று அவரையே பார்த்தாள். அவர் புத்தகத்தை மூடினார். பேனையைச் சட்டைப்பையில் செருகினார். நல்லது என்று தலையசைத்துவிட்டு, பார்மசிப் பெண்மணியோடு ஏதோ பேசத் திரும்பினார். அம்மா இன்னும் அங்கேயே இருந்தாள்.

அதன் பிறகுதான் பிள்ளை ஓடிவந்தாள்.