ஸ்மைலின் காய்ச்சும் புகை பீர்

குழித்துறைக்காரி ஸ்மைலினுக்குச் சின்ன வயதில் ஆகாத இடம் ஒன்றே ஒன்றுதான்: அப்பா நேசையன் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உணக்கிக் காயவைக்கிற புகைப்புரை. உள்ளே போகச் சொன்னாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

நர்ஸ் வேலைக்காக ஜெர்மனியில் பாம்பெர்க் நகரத்துக்குப் போன முதல் மாதம், கூட வேலை செய்பவர்கள் அவளைப் பீர் குடிக்கக் கூட்டிப்போனார்கள். முப்பது வயதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. பார்லியை விறகுப் புகையில் உணக்கிக் காய்ச்சுகிற அந்த ஊர்ப் பீர் அது. "முதல் கிளாஸ் யாருக்கும் பிடிக்காது" என்று எச்சரித்தார்கள். ஸ்மைலின் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். வீட்டுப் புகைப்புரையின் அதே மணம்! தலைவலி மட்டும் வரவில்லை. சிரித்துக்கொண்டே மூன்று கிளாஸ் குடித்தாள்.

அதோடு விட்டாளா? பீர் காய்ச்சும் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது வாடகை வீட்டுத் தோட்டத்தில் பார்லிக்கு அவளே புகை போடுகிறாள். அந்த நேரத்தில் யாராவது வேறு வேலைக்குக் கூப்பிட்டால் கடித்துவிடுவாள்.

போன வாரம் அப்படிப் புகைக்கு நடுவே நிற்கும்போது அப்பா வீடியோவில் வந்தார். அவர் ஊர்ச் சர்ச் சபையில் மூப்பர். மது என்ற சொல்லையே வாயில் எடுக்காதவர்.

"ஏட்டி, அங்க என்ன புகை?"

"பார்லி உணக்குதேன்ப்பா."

"கஞ்சிக்கா?"

ஸ்மைலின் இருமினாள். அவர் அதை ஆமென்று எடுத்துக்கொண்டார்.

"வெறவு ஈரமாக்கும், மாத்து. இங்க ஒரு நாளாவது புகைப்புரையில கால் வச்சியா நீ?" என்று திட்டியவர், கொஞ்சம் யோசித்தார்.

"லீவுக்கு வரும்ப அந்த பார்லிய கூடுதலா கொண்டு வா மக்களே. சபையில எல்லாருக்கும் கஞ்சி ஊத்தலாம்."