பல் முளைக்காத பிள்ளை வயிற்றில் தேங்காய்த் துண்டு

முருகனை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடுவே எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் ஏழு மாத மகள் யாழினி காலை மடக்கிக்கொண்டு வீறிட்டாள். சற்று நேரம் துவண்டு கிடப்பாள். மறுபடி அழுவாள். குடித்த பாலெல்லாம் வாந்தி.

"தொண்டையில ஏதோ சிக்கிருக்கு மாப்ள. தொக்கம் எடுத்தாச் சரியாப் போயிரும்" என்றார் மாமனார்.

எங்கள் சித்தையன்கோட்டைப் பக்கம் பிள்ளை வாந்தி எடுத்தால் முதலில் போகிற இடம், சிக்கியதை உறிஞ்சித் தொக்கம் எடுக்கிறவர் வீடுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நானும் பின்னாலேயே போனேன்.

தொக்கம் எடுக்கிற அம்மா வயிற்றை நீவினார். வாயில் குழல் வைத்து உறிஞ்சினார். உள்ளங்கையில் தேங்காய்த் துண்டு ஒன்றைக் காட்டினார்.

"இதுதான் அடைச்சிருந்துச்சு. இனிப் பால் கொடு தாயி" என்றார் என் மனைவியிடம்.

என் மகள் பாலையும் கேழ்வரகுக் கூழையும் தவிர எதையும் தொட்டதில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் கும்பிட்டுவிட்டு வந்தேன். இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

மறுநாள் வாந்தி பச்சையாக வந்தது. வயிறு உப்பிவிட்டது. "இன்னொருக்கா எடுத்துருவோம்" என்றார் மாமனார். அதே வீடு, அதே வரிசை. சுவரில் பழனி முருகன் காலண்டர். மனதுக்குள் அவனோடு சண்டை போட்டேன். "வேடிக்கை பார்க்கிறாயே. இவர்கள் முன்னால் பேச எனக்கு ஒரு வாயாவது கொடு."

அப்போதுதான் பிள்ளையின் இடுப்புத் துணி நனைந்தது. ரத்தமும் சளியும்.

"போதும் மாமா. பிள்ளையக் குடுங்க."

பெரியவர்களிடம் நான் போட்ட முதல் சத்தம் அது.

"படிச்ச திமிரு" என்றார்.

"ஆமா, திமிருதான்."

திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்தார்கள். குடலுக்குள் குடல் சொருகி அடைத்திருந்தது. அன்றே அறுவை சிகிச்சை. அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, நல்ல குடலை இணைத்துத் தைத்தார்கள். இடையில் என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"தொக்கம் எடுத்தோம் சார்."

"என்ன வந்துச்சு?"

"தேங்காய்."

"பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருச்சா?"



தைப்பூசம் கழிந்து பழனியில் மொட்டை போட்டோம். மாமனார்தான் மடியில் வைத்திருந்தார். சட்டை விலகி வயிற்றுத் தழும்பு தெரிந்தது. அதை மூடிவிட்டார்.

நான் முருகனிடம் உயிர் கேட்கவில்லை, வாய் கேட்டேன். அவன் கோபத்தைக் கொடுத்தான். அதைத் தணிக்கச் சொல்லி இன்றுவரை நான் வேண்டவில்லை. நீங்களும் அவனை நம்புங்கள். ஆனால் பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தால், ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறிவிட்டுக் கும்பிடுங்கள்.