ஒரே வாசல் வீட்டில் தோப்ரிலா

எங்கள் தெருவில் உள்ள முப்பத்தொரு வீடுகளில் பத்தொன்பது நான் கட்டியவை. நான்கு வகுப்புதான் படித்தேன். ஆனால் வியன்னாவில் பட்டம் வாங்கிய பொறியாளர்கள் நான் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு போனதை இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், தோப்ரிலாவைக் காப்பாற்றியது சட்டம்தான் என்று ஊரில் சிலர் பேசித் திரிகிறார்கள். அந்தச் சட்டத்துக்கு ஒரு மாடிப்படி எங்கே ஆரம்பிக்கிறது என்றுகூடத் தெரியாது. நான் போய்க் காட்டவேண்டி இருந்தது.

தோப்ரிலா எங்கள் எதிர்வீட்டு மருமகள். மலைமேல் இருக்கும் ஒரு ஊரிலிருந்து இருபத்திரண்டு வயதில் மிலுதினைக் கட்டிக்கொண்டு வந்தாள். காலுறை ஆலையில் வேலை, காலை ஐந்தரைக்குப் பேருந்து. ஒரே மகள், நர்ஸ் படிப்புக்காக நிஷ் நகரத்தில் இருக்கிறாள். மிலுதின் ஒரு டயர் கடையில் நின்றுகொண்டிருப்பான். வேலை செய்கிறான் என்று என் வாயால் சொல்லமாட்டேன்.

வீடு இரண்டு அடுக்கு. கீழே மாமியார் ஸ்தானா, மேலே மகனும் மருமகளும். கட்டும்போதே வெளியே ஒரு படி போடலாம் என்றேன். ஸ்தானா கேட்கவில்லை.

"ஒரே வாசல் போதும் மேஸ்திரி. யாரு வர்றா, யாரு போறான்னு எனக்குத் தெரியணும்."

சரி என்று கூடத்தின் நடுவே ஓக் மரத்தில் பதினாறு படி வைத்தேன். இன்றுவரை ஒரு படியும் முனகியதில்லை.

பத்தொன்பது வருடம் அவன் அவளை அடித்தான். தெருவுக்கே தெரியும். தெரு என்ன செய்தது? தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தது. பாதிரியார் வந்து காப்பி குடித்துவிட்டுப் பொறுமையின் பெருமையைச் சொல்லிப் போனார். தன் மனைவியை உரக்கக் கூப்பிடவே பயப்படுகிறவர் அவர். பஞ்சாயத்து எழுத்தர் "குடும்ப விஷயம்" என்றார். படித்த மனிதர்.

போன செப்டம்பரில் மிளகாய் சுடுகிற வாரம். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, ஐவார் என்கிற தொக்கு கிண்டிக் குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைக்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. எல்லோரும் அவரவர் முற்றத்தில்தான் இருந்தோம். ஒரு தட்டு மிளகாய் கருகிவிட்டது என்று மிலுதின் அடுப்பில் கிடந்த இடுக்கியை எடுத்து அவள் தோளில் போட்டான். உள்ளே வைத்து அடித்திருந்தால் யாருக்கும் காது கேட்டிருக்காது. முப்பது பேர் கண்ணெதிரே அடித்தான், மடையன்.

தோப்ரிலா அடுப்பை அணைத்தாள். கரி படிந்த கையோடு, கட்டியிருந்த ஏப்ரனோடு, காவல் நிலையத்துக்கு நடந்தே போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியமே ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தாள், வியோலெட்டா என்று பெயர், என் பேத்தி வயது இருக்கும். கையில் ஒரு தாள். நாற்பத்தெட்டு மணி நேரம் அவன் வீட்டில் இருக்கக்கூடாது, மனைவியிடம் பேசக்கூடாது, நெருங்கக்கூடாது. அதற்குள் அரசு வழக்கறிஞர் கேட்டு நீதிபதி ஒப்புக்கொண்டால் தடை முப்பது நாளாக நீளும். இல்லையென்றால் ஞாயிறு மதியம் அவன் மறுபடி மேலே ஏறிவிடலாம்.

"என் வீட்டை விட்டு என்னையே போகச் சொல்றியா?" என்றான் மிலுதின்.

"வீடு யாரு பேர்ல இருக்குன்னு இந்தச் சட்டம் கேக்கறதில்ல. தலகாணிய எடுத்துக்கங்க. எங்க தங்குவீங்க?"

"எங்கம்மா வீட்ல."

பத்திரத்தில் கீழ்த்தளத்துக்கு ஒரு எண், மேல்தளத்துக்கு ஒரு எண். கூட வந்த கான்ஸ்டபிள் இரண்டு வீடு என்று எழுதிக்கொண்டான். மிலுதின் தலையணையோடு பதினாறு படி இறங்கினான். அதுதான் அவனை வெளியேற்றிய லட்சணம்.

மறுநாள் சனிக்கிழமை காலை தோப்ரிலா என் பட்டறைக்கு வந்தாள். தோளில் கட்டு.

"மேஸ்திரி, நீங்க கட்டினது ஒரு வீடா, ரெண்டு வீடா?"

"ஏம்மா?"

"படிக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். பேசல, தொடல. நான் இறங்கினா கால நீட்டறான். தாண்டித்தான் வரணும். போலீசுக்குப் போன் பண்ணினா, அது வேற வீடுங்கறாங்க. நாளை மதியத்துக்கு மேல அந்தக் காலும் மாடிக்கு வந்துடும்."

"இத மொதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"பத்தொன்பது வருஷமா எதிர்ல இருக்கீங்க. உங்க சுத்தியல் சத்தம் எனக்குக் கேக்குது. என் சத்தம் உங்களுக்குக் கேக்கலியா?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காவல் நிலையத்தில் அந்தக் கான்ஸ்டபிள் தாளைத் தட்டிக் காட்டினான். "பெரியவரே, ரெண்டு வீடுன்னு பத்திரம் சொல்லுது."

"பத்திரம் செங்கல் சுமந்துச்சா தம்பி? நான் சுமந்தேன். எத்தன வாசல்னு கேளு."

அவன் கேட்கவில்லை. உள்ளே இருந்த வியோலெட்டா கேட்டாள். அவளுக்குக் கொஞ்சம் மூளை உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். எழுந்து எங்களோடு வந்தாள்.

கூடத்தில் மிலுதின் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். நான் டேப்பைப் பிரித்து அவன் முழங்காலில் ஒரு முனையை வைத்தேன். மறுமுனை முதல் படியில்.

"அறுபத்திரண்டு சென்டிமீட்டர்," என்றேன். "நெருங்கக்கூடாதுன்னா உங்க ஊர்ல எவ்வளவு?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தாள், அழைப்பு மணியைப் பார்த்தாள், மின்சார மீட்டரைப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுதான்.

ஸ்தானா உள்ளேயிருந்து வந்தாள். "எம்புள்ள எங்கம்மா போவான்? பெத்தவ வீட்டுல உக்காரக்கூட உரிமையில்லியா?"

"உக்காரட்டும் பாட்டிம்மா. இந்தப் படி இல்லாத வீட்டுல உக்காரட்டும்."

அப்போதே அவனை வண்டியில் ஏற்றி, பாஸ்தா என்ற ஊரில் இருக்கும் மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். ஞாயிறு பதினோரு மணிக்கு நீதிமன்றத் தாளோடு திரும்பி வந்தாள். முப்பது நாள், கீழ்த்தளம், மேல்தளம், கூடம், முற்றம், எல்லாம் பெயர் சொல்லி எழுதியிருந்தது. ஓராண்டுத் தடைக்கும் தனியாக வழக்குப் போடப்போவதாகச் சொன்னாள் வியோலெட்டா.

"பாத்தியா, என் டேப்," என்றேன்.

"தோப்ரிலாவோட வாக்குமூலம் ஏழு பக்கம் மேஸ்திரி. உங்க அளவு ஒரு வரி."

ஏழு பக்கத்தைப் படிக்க நீதிபதிக்கு எங்கே நேரம்? ஒரு வரியைத்தான் படித்திருப்பார்.

வியோலெட்டா போனதும் ஸ்தானா படிக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள். "அவன் சட்டையெல்லாம் மேலதான் கெடக்கு. நாளைக்குக் கடைக்கு என்னத்த மாட்டிட்டுப் போவான்? யாருடி இஸ்திரி போடறது?"

தோப்ரிலா ஒரு கூடையோடு இறங்கி வந்தாள். பதினோரு சட்டைகள், அவற்றின்மேல் இஸ்திரிப்பெட்டி. கூடையை மாமியார் கையில் வைத்தாள்.

"நீங்களே போட்டு அனுப்பிடுங்க அத்தை. காலர்ல தண்ணி தெளிச்சுக்கங்க, இல்லன்னா படியாது. அதுக்கும் அடிப்பான்."

ஸ்தானா கூடையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

தோப்ரிலா முற்றத்துக்கு வந்து மேல்தளப் பால்கனியைக் காட்டினாள். "மேஸ்திரி, அங்கிருந்து வெளியே ஒரு படி இறக்க முடியுமா? சாவி என்கிட்ட மட்டும் இருக்கற மாதிரி."

"முடியுமாவா? யாரைப் பாத்துக் கேக்கற? செவ்வாக்கிழமை ஆரம்பிக்கறேன்."

"நாளைக்கே ஆரம்பிங்க. முப்பது நாள்தான் கையில இருக்கு."

திங்கட்கிழமை அவள் ஆலைக்குப் போகும்போதே நான் பால்கனிக் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தேன். இரும்புப் படி, பதினேழு. எட்டாவது நாள் சாவியை அவள் கையில் கொடுத்தேன். தெருவில் யாரும் பாராட்டவில்லை. இந்தத் தெருவின் பாராட்டை வைத்து நான் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை.