ஆயிரம் சனம் நின்ற கோயில்

எனக்கு வாய் சும்மா கிடக்காது. எண்பத்தைந்தாம் ஆண்டு, டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கூடிய எங்கள் ஞாயிறு செபக்கூட்டத்தில் அதுவே வினையாயிற்று.

ஊரில் நான் கணக்கு வாத்தியார். இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன். அன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாபிரிக்காவில் இருந்த ஓர் ஆங்கிலிக்கன் பேராயரைப் பற்றிச் சொன்னேன். அவரும் கணக்குப் படிப்பித்தவர்தான். வேதாகமத்தை உள்ளூர் மொழிக்கு மாற்ற உதவிய ஆபிரிக்கர் ஒருவர், "இதெல்லாம் உண்மையா?" என்று கேட்டாராம். பேராயர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். லட்சக்கணக்கான இஸ்ரவேலர் தங்கள் வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடார வாசலில் கூடினார்கள் என்றால், வாசலின் அகலம் என்ன, எத்தனை பேர் நிற்கலாம்? நடக்காத காரியம் என்று புத்தகமே எழுதினார். திருச்சபை கொதித்தெழுந்து, அவருடைய பதவியைப் பறித்ததாக அறிவித்தது.

கெட்டிக்காரத்தனமாக அந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டும் காட்டினேன். இரண்டு பெண்பிள்ளைகளோடு நான்கு மாதம் முன் வந்திருந்த மன்னார் அக்கா எழும்பிவிட்டார்.

"ஆண்டவரின்ரை வார்த்தைக்கே கணக்குப் பாக்கிறியளோ, தம்பி?"

அடுத்த ஞாயிறு அக்காவோடு கத்தோலிக்கர் எல்லாரும் வேறு வீட்டில் கூடினார்கள். என்னால் ஒரு சின்னச் சபை இரண்டாயிற்று.

மூன்றாம் கிழமை அக்கா என் கதவடியில் நின்றார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கான பொலிஸ் விசாரணைக்கு வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குச் சுகமில்லையாம்; நான் வரவேண்டுமாம். "தம்பி, பழசை மனசிலை வைச்சிராதையுங்கோ." எனக்கு வெட்கமாயிருந்தது; அதைவிடப் பயமாயிருந்தது. அவர் சொல்வதை நம்பாவிட்டால் தாயையும் பிள்ளைகளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதிகாரி நல்ல மனிதர், கோப்பி ஊற்றித் தந்தார். ஆமி வந்ததையும் ஊரே மாதா கோயிலுக்குள் ஓடியதையும் அக்கா சொன்னார். "கோயிலுக்குள்ளை ஆயிரம் சனம்."

பரீட்சை மேற்பார்வைக்கு அக்காவின் ஊருக்குப் போனபோது அந்தக் கோயிலைக் கண்டிருக்கிறேன். நெருக்கி நின்றால் இருநூறு பேர். ஆனாலும் ஆயிரம் என்றே ஆங்கிலத்தில் சொன்னேன்.

கோயில் எவ்வளவு பெரிது என்று அதிகாரி கேட்டார். அக்கா சுற்றிப் பார்த்தார். "இந்த அறை மாதிரி மூண்டு."

அதிகாரி கடதாசி மூலையில் பெருக்கிக் கணக்குப் பார்த்தார். "இதற்குள் ஆயிரம் பேர் எப்படி நிற்பது?"

எங்களூரில் கலியாண வீட்டுக்கும் ஆயிரம் சனம், செத்த வீட்டுக்கும் ஆயிரம் சனம். யார் எண்ணினார்கள்? அதைச் சொல்ல வாயெடுத்தேன். "நீங்கள் மொழிபெயர்த்தால் போதும்" என்று அதிகாரி தடுத்துவிட்டார்.

கேள்வியை அக்காவிடம் சொன்னேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"நீங்கள் கேட்டதைத்தான் இவரும் கேக்கிறார், என்ன?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

"சனத்தை நான் எண்ணேல்லை எண்டு சொல்லுங்கோ, தம்பி. என்ரை பிள்ளையளைத்தான் எண்ணினனான். உள்ளை போகேக்கை மூண்டு. வெளியிலை வரேக்கை ரெண்டு."

நான்கு மாதம் ஒன்றாகச் செபித்திருக்கிறோம். மூன்றாவது பிள்ளையைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி இரண்டு தரம் கேட்டார். கோயிலுக்குள் போவதுபோல் கையைக் காட்டி மூன்று விரலை நீட்டினேன். வெளியே வருவதுபோல் காட்டி ஒன்றை மடக்கினேன்.

அதிகாரி கடதாசி மூலையில் போட்டிருந்த பெருக்கலைக் கோடிட்டு வெட்டினார்.