புற்றடியில் கிடந்த சுள்ளிகள்

குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலக்காட்டில் ஒரு புற்று இருக்கிறது. வெள்ளிதோறும் போடியிலிருந்து ஜீப்பில் ஏறிப்போய், அதைச் சுற்றிச் சருகு, சுள்ளி ஒன்று விடாமல் கூட்டி எரித்து, மஞ்சள் தெளித்து, பால் ஊற்றிக் கும்பிடுவேன். நாகம்மா குடியிருக்கும் இடம் குப்பையாய்க் கிடக்கலாமா?

போன வருசம் மழை ஓய்ந்த பிறகு, புற்றுக்குப் பக்கத்துச் செடிகளின் தூரில் மண்பூச்சு ஏறியது. சுரண்டினால் வெள்ளை வெள்ளையாய்க் கரையான். எங்கள் பக்கம் செல்லு என்போம். நாலு செடி பழுத்துச் சாய்ந்தது. வீட்டுக்காரர் மருந்து வாங்கி வந்துவிட்டார்.

"வர்ற வெள்ளி வரைக்கும் பாப்பேன். அப்புறம் புத்துக்குள்ள ஊத்திருவேன்."

சாமி வாயில் விஷமா?

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. நான் கூட்டிவிட்டுப் போன இடத்தில் மறுவாரம் உளுத்த கட்டையும் சருகும் கிடந்தன. காற்றில் விழுந்தவை இல்லை, கையால் அடுக்கியவை. யாரோ செய்வினை வைக்கிறார்கள், அதனால்தான் செடி சாகிறது என்றே நினைத்தேன். களையெடுக்க வரும் சிலமலைக்காரி மேல்தான் சந்தேகம். என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சொல்லாமல் வியாழக்கிழமையே ஏறினேன். ஒரு பட்ட கிளையைப் புற்றடிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, சாமி எடத்துல என்ன சோலி பாக்குற?"

"சோறு போடுறேன்க்கா."

"யாருக்கு?"

"செல்லுக்குத்தான். அது திங்கிறதை வாராவாரம் எரிச்சுட்டா பட்டினியா கெடக்குமா? செடியில வாய் வைக்குது. காஞ்சதைத் தின்னு மண்ணாக்குறதுதான் அதுக்கு வேலை. அந்த மண்ணுலதான் உங்க செடி நிக்குது."

"நாளைக்கு மருந்து ஊத்தப் போறாரு."

"ஊத்தட்டும். மழைக்கு எங்கிட்டிருந்தாச்சும் வேற செல்லு றெக்கை மொளைச்சு ஈசலாப் பறந்து வரும். றெக்கையை உதுத்துட்டு ஒரு சோடி மண்ணுக்குள்ள போனாப் போதும், பொட்டை ராணியாகி முட்டை போட்டுக் குடி பெருகிரும்."

"இதை எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"வெளக்கமாத்தோட நிக்கிறவுககிட்ட, சாமிக்குக் குப்பை வேணும்னு சொன்னா அடிக்காம விடுவீகளா?"

முழுசாய் நம்பவில்லை. ஆனாலும் வீட்டுக்காரரிடம் கெஞ்சி இரண்டு வெள்ளி தவணை வாங்கினேன். "அவ உனக்கு என்னத்த ஓதுனா?" என்று என்னையே சந்தேகமாய்ப் பார்த்தார். சருகுக்கு நடுவிலேயே பால் ஊற்றினேன், நாகம்மா பொறுத்துக்கொண்டாள். ரெண்டாம் வெள்ளி, தூர் தூராய்க் குனிந்து பார்த்தேன். புது மண்பூச்சு ஏறவில்லை. வீட்டுக்காரர் மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் இன்றைக்கும் கட்டை அடுக்குகிறாள். நான் பக்கத்தில் நின்று, அடியில் எலுமிச்சம்பழம் ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்க்கிறேன்.