பின்பக்கத்துப் படிக்கட்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. அவர்கள் அப்பா போன பிறகு தலையில் மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றுத்தான் வளர்த்தேன். இன்று ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டீச்சர், மூத்தவனுக்கு அரசாங்க ஆபீசில் வேலை, மற்ற இரண்டு பையன்களும் வெளியூரில் மெக்கானிக். ஒருத்தனும் வலை இழுக்கவில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இல்லை என்றால் பொய். முதியோர் வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்ததுதான் என் படிப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும்.

கடலூருக்குப் பக்கத்தில் கடற்கரைக் குப்பம் எங்களுடையது. கடல் ஊருக்குள் ஏறி வந்த அன்று மேட்டுப்பக்கம் ஓடினவர்கள் பிழைத்தோம். அதற்குப் பிறகு எங்கள் சனத்துக்கு ஒரே புத்திதான். ஆபத்தா, மேலே ஏறு. சின்னப் பிள்ளைக்குக்கூட அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம்.

வீடு போனவர்களுக்குத் தார்ஷீட்டில் வரிசையாகக் கொட்டகை போட்டுத் தந்தார்கள். ஒரு கொட்டகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே தடுப்பு. வாசல் எல்லாம் ஒரே பக்கம். குப்பத்தில் கீற்றுவீடு என்றாலும் வீட்டுக்கு வீடு இடம் விட்டுத்தான் கட்டுவோம். ஒன்று பற்றினால் பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போடுவோம், நெருப்பு அங்கேயே நின்றுவிடும். தார்ஷீட்டில் எதைப் பிரிப்பது? மறு வருஷ வெயிலில், நாலு கொட்டகை தள்ளி ஒரு ஸ்டவ் வெடித்தது. வாசல்பக்கம் முழுக்க நெருப்பு. நான் அரிவாள்மனையை எடுத்துப் பின்பக்கத்து ஷீட்டைக் கிழித்தேன். அந்த ஓட்டை வழியாக நானும், பக்கத்துக் கொட்டகைப் பெண்ணும், அவள் கைக்குழந்தையும் வெளியே விழுந்தோம். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் வாசல்பக்கம் ஓடினார். அவர் வரவில்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் பின்பக்கம்தான் போகும்.

மூன்று வருஷம் கழித்து, மூத்தவன் சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பக்கம் ஒரு மனை வாங்கினான். படிக்கிற பையன்கள் தங்க லாட்ஜ் கட்டப் போவதாகச் சொன்னான். அரசாங்க உத்தியோகம், தன் பேரில் வேண்டாம் என்று என் பேரில் வாங்கினான். பிளான் போட வந்த என்ஜினியர் சின்ன வயசுக்காரர். தாளைத் தரையில் விரித்து விளக்கினார். கீழே தூண் மட்டும், வண்டி நிறுத்த இடம். அதற்கு மேல் இரண்டு மாடி.

"தண்ணி வந்தா கீழ பூந்து போயிடும்மா. ஒரு ரூமுக்கும் ஒண்ணும் ஆவாது" என்றான் மகன். கடலுக்கும் சிதம்பரத்துக்கும் எவ்வளவு தூரம்! ஆனாலும் அவன் பயம் எனக்குப் புரிந்தது.

"எல்லாம் சரி. பின்னாடி வழி எங்கப்பா?" என்று கேட்டேன்.

"முன்னாடி நல்ல அகலமா படி வருதும்மா. பின்னாடி எதுக்கு?" என்றார் என்ஜினியர்.

"முன்னாடி நெருப்பா இருந்தா?"

மகன் சிரித்தான். "யம்மா, இது கொட்டா இல்ல. கான்கிரீட்டு. கான்கிரீட்டு பத்திக்குமா?"

"கான்கிரீட்டு பத்தாதுடா. உள்ள இருக்கிற புள்ளைங்க?"

"சார், ஆயாவ பயர் ஆபீசராப் போட்டுடலாம்" என்றார் என்ஜினியர். ஆனாலும் பென்சிலை எடுத்துப் பின்பக்கம் ஏணி மாதிரிக் கோடு கோடாக ஒரு படி வரைந்தார். எனக்குத் திருப்தி. மனை என் பேரில் இருந்ததால் பிளானில் கையெழுத்து நான்தான் போட வேண்டும். கைநாட்டு இல்லை, கையெழுத்து. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

கட்டடம் முடிகிற சமயத்தில் போய்ப் பார்த்தேன். படி வர வேண்டிய இடத்தில் மாடிக்கு ஒரு அறையாக இரண்டு அறை நின்றது. பூச்சே முடிந்துவிட்டது. நான் ஏதாவது மறந்துவிட்டேனோ என்று பேத்தியைக் கூப்பிட்டுப் பிளானைக் காட்டினேன். மூத்தவன் மகள், அப்போது ஒன்பதாவது படித்தாள்.

"இருக்குதே ஆயா. அவசர வழி, இரும்புப் படின்னு எழுதியிருக்கு பாரு."

"எங்கடி இருக்கு?"

"தாள்ல" என்றாள்.

மகனைக் கேட்டேன். "ஊருல எல்லா லாட்ஜும் இப்புடித்தாம்மா. பிளான்ல இருக்குதுல்ல, அது போதும். படி போட்டா ரெண்டு ரூமு போயிடும்" என்றான். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். மருமகள் வந்து, "அத்த, படிக்காகப் பட்டினி கெடக்கிற மொத ஆளு நீங்கதான். எழுந்து வாங்க" என்று கையைப் பிடித்தாள். எழுந்துவிட்டேன். படி வரவில்லை.

மகன் குடும்பம் கடலூர் செம்மண்டலத்தில் இருந்ததால், லாட்ஜைப் பார்த்துக்கொள்ள நான் அங்கேயே, கீழே தூண்களுக்கு நடுவில் எனக்கென்று தடுத்த ஓர் அறையில் தங்கினேன். வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்வேன், "நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், என் புள்ள கேக்கல" என்று. அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மொட்டைமாடியில் நெத்திலி காயப்போடுவேன். கை பழகிய வேலை, சும்மா இருக்க முடியவில்லை. பையன்கள் சிகரெட் குடிக்க மேலே போவார்கள், பாயை மிதிப்பார்கள், காய்ந்ததில் கொஞ்சம் குறையும். ஒரு பூட்டு வாங்கி மொட்டைமாடிக் கதவில் போட்டேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஆயா, கருவாட்டுக்குப் பூட்டு போட்டிருக்கீங்களே, நாயமா?" என்றான் ஒரு பையன். சேத்தியாத்தோப்புக்காரன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"பூன வருதுடா."

"ரெண்டு காலு பூனையா, நாலு காலா?"

"உன்ன மாதிரி ரெண்டு காலுதான். போய்ப் படி, போ."

பின்வழி பின்வழி என்று ஊரெல்லாம் பேசின எனக்கு, அந்தப் பூட்டைப் போடும்போது ஒன்றுமே தோன்றவில்லை. மீனைப் பற்றித்தான் யோசித்தேன்.

பரீட்சைக்கு முந்தின லீவு. நடுப்பகல். பையன்கள் அறைகளில் படுத்திருந்தார்கள். நான் வாசல் குழாயில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் பெட்டி படிக்கு அடியில் இருந்தது. அங்கேதான் வண்டிகளையும் நெருக்கி நிறுத்துவார்கள். பட்டென்று ஒரு சத்தம். திரும்பினால் பெட்டியிலிருந்து பொறி கொட்டுகிறது, ஒரு வண்டியின் சீட் எரிகிறது. கருப்புப் புகை படியைப் பிடித்துக்கொண்டு ஏறியது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. "மேல ஓடுங்கடா! மேல ஓடுங்க!"

தண்ணீர்தான் கீழே நிற்கும், நாம் மேலே போகலாம். புகை நமக்கு முன்னால் மேலே போய் உட்கார்ந்துவிடும். ஆயுசு முழுக்க அடுப்பு ஊதினவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் வாயில் வந்தது கடல் சொல்லிக் கொடுத்தது.

என் பேச்சைக் கேட்டு அவர்கள் மேலே ஓடினார்கள். மாடிக் கதவை இடிக்கிற சத்தம் கேட்டது. கை இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது. படியில் கால் வைக்க முடியாத நெருப்பு. இடிக்கிற சத்தம் கொஞ்ச நேரத்தில் குறைந்தது.

எதிரில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்கள் தெருக் கம்பத்து ஃப்யூஸைப் பிடுங்கி, கூடை கூடையாக மணல் கொட்டினார்கள். பின்பக்கம் மூங்கில் ஏணி சாத்தி, ஜன்னலைப் பெயர்த்துப் பையன்களை இறக்கினார்கள். ஏணி வருவதற்குள் ஒருவன் இரண்டாம் மாடியில் கம்பியில்லாத பாத்ரூம் ஜன்னல் வழியாகக் குதித்துக் காலை முறித்துக்கொண்டான். சேத்தியாத்தோப்புப் பையனை மாடிக் கதவடியிலிருந்து தூக்கி வந்தார்கள். நினைவில்லை. முகம் முழுக்கக் கரி.

பிழைத்தான். பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். குரல் மட்டும் பழைய குரல் இல்லை.

அவன் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "மாடிக் கதவப் பூட்டினது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற என் மகன், "நான்தாங்க" என்றான்.

"பின்னாடி வழியும் வெக்காம, மேல இருந்த ஒரு வழியையும் பூட்டிட்டியே. நீயெல்லாம் புள்ள பெத்தவனாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில், "யம்மா, சாவியக் குடு" என்றான். கொடுத்தேன். அவ்வளவுதான் பேச்சு. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான், ஆபீசில் விசாரணைக்கு நின்றான். எல்லா இடத்திலும் கதவைப் பூட்டியது தான்தான் என்று சொன்னானாம். பெண்டாட்டி பிள்ளையிடமும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் என்னிடம் வந்து, "நீ அப்பவே சொன்னியே, அவன்தான் கேக்கல" என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒருமுறை இல்லை, பலமுறை.

அவன் செய்த தப்பு அவனுடையது. படியை எடுத்தது அவன்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் தன் தப்போடு சேர்த்து என் தப்பையும் அவன் தூக்கிக்கொண்டு திரிய, நான் நியாயஸ்தியாக உட்கார்ந்து சோறு தின்றேன்.

அந்த இரண்டு அறையையும் இடித்தான். பின்பக்கம் இரும்புப் படி வந்துவிட்டது. மீட்டர் பெட்டி வெளிச்சுவருக்குப் போய்விட்டது. மாடிக் கதவில் இப்போது உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள். படி முடிந்த அன்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். "ஏறிப் பாரும்மா" என்றான். முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது செம்மண்டலத்தில் அவன் வீட்டில்தான் இருக்கிறேன். வேளைக்கு, "சாப்டியாம்மா?" என்று கேட்கிறான். அந்தச் சாவியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை எடுத்ததில்லை. அவன் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அது எனக்கு வரும். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல்தான் நோட்டை எடுத்தேன். வாயால் சொல்ல வரவில்லை. பதினோரு நாள் ஆனது இவ்வளவு எழுத.

பேத்தி காலேஜ் விட்டு வந்துவிட்டாள். பேனாவோடு வந்து உட்காருகிறாள்.

"பிழ திருத்துறது அப்பறம் இருக்கட்டும் கண்ணு. மொதல்ல வாசிச்சுக் காட்டு. உங்கப்பன் கூடத்துலதான இருக்கான்? அவன் காதுல வுழற மாதிரி வாசி."