அண்ணை என்று கூப்பிட்டேன்

நோர்வேயில், குறொன்லாண்டில் அந்தக் கடை இருக்கும் தெருவுக்குள் திரும்ப இப்போதும் எனக்குக் கால் கூசுகிறது. திரும்பாமலும் இருக்க முடியாது, வீட்டில் சிவப்பரிசி மாவும் நல்லெண்ணெயும் முடிந்துபோகும். அதனால் போகிறேன். போய், கொட்டாவி விடுகிறவன் மாதிரி முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு, உனக்கென்ன கண் பொட்டையோ என்று நீங்களும் கேட்கலாம். என் மனைவி ஏற்கனவே கேட்டுவிட்டாள்.

ஊரில் உயர்தர வகுப்பில் என்னோடு படித்தவர்கள் திசைக்கொருத்தராகப் போனவர்கள். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சிட்னி என்று எங்கே குளிர் என்றும் பார்க்காமல் எங்கே வெயில் என்றும் பார்க்காமல் கிடைத்த இடத்தில் இறங்கியவர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்து எனக்கும் மூச்சுவிட நேரம் வந்தபோது, அவர்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினேன். ஒரு கலியாண வீட்டில் ஒருத்தனைக் கண்டேன். அவனிடம் இன்னொருத்தனின் நம்பர் இருந்தது. இன்னொருத்தனிடம் இரண்டு பேருடையது. ரெலிபோன் அட்டை வாங்கி, அதைச் சுரண்டி, நீளமான இலக்கங்களை அமத்தி, "டேய், ஆர் கதைக்கிறன் எண்டு சொல்லு பாப்பம்" என்று கேட்பதில் எனக்கு அப்படியொரு புளுகம், அப்படியொரு சந்தோசம். படிக்கிற காலத்தில் வகுப்புத் தலைவனாக இருந்தவனில்லை நான். கரும்பலகை துடைக்கக்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில் முழு வகுப்பையும் நான் கட்டி இழுக்கிறேன் என்றால் சும்மாவா? வீட்டில் போன் அடித்தால் மனைவி, "பள்ளிக்கூட மணி அடிக்குது, ஓடுங்கோ" என்பாள். அவள் நக்கலடிப்பதும் எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

இப்படியிருக்க, ரொறன்ரோவில் இருந்த ஒருத்தனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. வகுப்பில் கடைசி வாங்குப் பலகையில் இருந்து எல்லாரையும் சிரிக்கவைத்தவன். அவனோடு அதே வாங்கில் ஒருத்தன் இருந்தான். சாப்பாட்டுப் பெட்டியும் ஒன்று, அடி வாங்குவதும் ஒன்றாக. யுத்தத்து இடப்பெயர்வோடு அவன் எந்தப் பக்கம் போனான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. நோயாளி ஒருநாள் போனில் என்னிடம் கேட்டான்: "மச்சான், நீதான் எல்லாரையும் தேடிப் பிடிக்கிறாயே. அவனை ஒருக்காப் பிடிச்சுத் தா. முகம் பாக்க வேண்டாம், குரலைக் கேட்டால் காணும்." சாகப்போகிற ஒருத்தன் இவ்வளவுதான் கேட்டான். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து உலகத்தைச் சல்லடை போட்டுத் தேடினேன். ஒருத்தன் அவனை இத்தாலியில் கண்டதாகச் சொன்னான். இன்னொருத்தன் சுவிஸ் என்றான். பாரிஸில் இருந்தவன், அவன் கடலில் செத்துப்போயிருப்பான் என்று சர்வசாதாரணமாகச் சொன்னதும் எனக்கு விசர் வந்து, உன்ர வாயில நல்லதே வராதோ என்று ஏசிப் போனை வைத்துவிட்டேன். ரொறன்ரோவிலிருந்து கேட்கும்போதெல்லாம், "கிட்ட வந்திட்டன், பொறு" என்பேன். பொய்தான். ஆனால் வேறு என்ன சொல்ல?

அந்தக் காலத்தில் சனிக்கிழமைதோறும் நான் வீடிருந்த புருசெத்திலிருந்து சுரங்க ரயிலேறிக் குறொன்லாண்டுக்கு வருவேன். எங்கள் ஆள் ஒருவரின் பலசரக்குக் கடை அங்கே இருந்தது. முன்பு ஹொல்ம்லியாவில் சிறிதாக நடத்தி, வியாபாரம் பிடித்ததும் பட்டணத்துக்கு வந்தவர். மொட்டைத் தலை, நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, கல்லாவுக்கு முன்னால் வயிறு இடிக்க நிற்கிற பெரிய உடம்பு. பேச்சுக் குறைவு. முதல்நாள் நான் உள்ளே போனபோது அந்த மனிதர் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். நல்ல வியாபாரி என்று நினைத்துக்கொண்டு, "அண்ணை, முருங்கைக்காய் வந்திட்டுதோ?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. "ஓம், அங்கை இருக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் கடை அண்ணை.

வருடக்கணக்காக ஒரு மனிதரிடம் சாமான் வாங்கி அவருடைய பெயர் தெரியாதா என்று ஒரு நோர்வேக்காரன் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வயதில் மூத்தவர் மாதிரி ஒருவரை அண்ணை என்று கூப்பிட்ட பிறகு பெயர் கேட்பது மரியாதைக்கேடு. கடைக்கு வரும் எல்லாரும் அவரை அண்ணை என்றார்கள். அவருடைய மனைவி "இஞ்சருங்கோ" என்பார். சாமான் இறக்க வரும் நோர்வேக்காரர் கூப்பிடுவதோ இந்த நாட்டு வழக்கப்படி கடைசிப் பெயரை, அதாவது அவருடைய தகப்பனின் பெயரை. கடைப் பலகையில் இருந்தது மகளின் பெயர். என் கம்பனியில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன் அந்தக் கடைக்குப் போன முதல் நாளே, "சார், உங்க பேர் என்ன?" என்று கேட்டதாகச் சொன்னான். இந்தியாக்காரருக்கு எல்லாம் விடுப்பு, மற்றவன் கதை அறிகிற ஆசை என்று நான் சிரித்தேன். அவர் என்ன பெயர் சொன்னார் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ரெலிபோன் அட்டையும் அந்தக் கடையில்தான் வாங்கினேன். கனடாவுக்கு இது நல்லம், லண்டனுக்கு இது வேண்டாம், வெட்டி வெட்டிக் கேட்கும் என்று அவரே எடுத்துத் தருவார். அட்டையை வாங்கிக்கொண்டு சும்மா வருகிறவனா நான்? இந்தக் கிழமை ஆரைப் பிடித்தேன், அவன் என்ன சொன்னான், அவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று வரிசை நிற்பதையும் பாராமல் அலட்டுவேன். ரொறன்ரோ நோயாளியின் கதையை மட்டும் எடுப்பதில்லை, அதில் என் தோல்வி இருந்தது. அவர் மரக்கறி நிறுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை மட்டும், "உங்கட வகுப்பில எல்லாரும் வந்திட்டினமோ?" என்று நிமிராமல் கேட்டார். ஒருத்தன் மட்டும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் பெருமைக்கு அது ஒரு ஓட்டை. அதனால், "முக்கியமான ஆக்கள் எல்லாரும் வந்தாச்சு அண்ணை" என்றேன். அவர் தராசிலிருந்து கத்தரிக்காயை எடுத்துப் பையில் போட்டார்.

ஒரு பனிக்காலச் சனிக்கிழமை. கூடையைக் கல்லாவில் வைத்துவிட்டு நிற்கிறேன், சட்டைப் பையில் போன் அடிக்கிறது. ரொறன்ரோவில் இருப்பவனின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து கதைக்கிறார். டொக்டர்மார் இனி மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்களாம், இவர் விடியத்தொடக்கம் அந்த ஒரு பெயரைத்தான் கேட்கிறாராம், நீங்களே ஒரு சொல் சொல்லுங்கோ அண்ணா என்று போனை அவனிடம் கொடுத்துவிட்டார். அவனுக்கு மூச்சுத்தான் கேட்டது. எனக்குத் தூரத்து ஆளோடு கதைக்கும்போது கத்துகிற பழக்கம். கடை முழுக்கக் கேட்க, தொலைந்துபோனவனின் பெயரை முழுதாகச் சொல்லி, "அவனைத்தான் மச்சான் ஒரு வருசமாத் தேடுறன், இன்னும் கிடைக்கேல்லை, நீ மனத்தை விடாதை" என்றேன்.

கடை அண்ணை என் பாவற்காயை நிறுத்துக்கொண்டிருந்தவர், கையை அப்படியே நிறுத்தினார். பிறகு அந்தக் கையை என் பக்கம் நீட்டினார். ஏதோ சாமான் கேட்கிறார் என்று நினைத்துக் கூடையைத் தள்ளிவிட்டேன்.

"போனைத் தாங்கோ" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து, ஏன் எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டேன். அவர் போனைக் காதில் வைத்தார். பிறகு, "டேய், நான்தான்ரா" என்றார்.

அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம், கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவன் ஒரே சொல்லில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். கிழமைக்குக் கிழமை முகத்துக்கு நேரே நின்று கத்தரிக்காய் வாங்கிய நான் கண்டுபிடிக்கவில்லை.

அவன் போனோடு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டான். இனி அவன் என்றுதான் எழுதவேண்டும். "நாயே, சாகிற சாக்கில என்ர கடனை மறக்கப் பாக்கிறியோ, உன்ர கணக்குக் கொப்பியை ஆர் எழுதினது" என்று அவன் ஏசுகிற குரலும், நடுவில் வெடித்துவந்த சிரிப்பும் கடைசி வாங்கிலிருந்து வந்தன. சிரித்தபடியே அழுதான். வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கூடையைப் பார்த்தேன். மனதில் அந்தத் தாடியை எடுத்தேன், தலைக்குச் சுருட்டை முடியை வைத்தேன், உடம்பைப் பாதியாக்கினேன். அவனேதான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது.

நெடுநேரம் கழித்து வந்தான். போனைத் தன் சட்டையில் துடைத்து என்னிடம் தந்தான். பாவற்காயை மறுபடியும் தராசில் வைத்தான். "மச்சான்" என்றேன். என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் எனக்கே வேற்று ஆளின் சொல் மாதிரிக் கேட்டது. ஏன்ரா இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் வந்த முதல் நாளே எனக்கு உங்களைத் தெரிஞ்சிட்டுது. சிரிச்சனான். நீங்கள் அண்ணை எண்டு சொல்லி முருங்கைக்காய் கேட்டனீங்கள். சரி, பழசுகளைக் கதைக்க விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டன்." பையை முடிந்தான். "பிறகு, முக்கியமான ஆக்கள் எல்லாரும் வந்தாச்சு எண்டனீங்கள்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. அவன் தேங்காயின் விலை சொல்கிற குரலில் சொன்னான். உன்னைத்தான் தேடினேன், சத்தியமாய் உன்னைத்தான், உன்னட்டை வாங்கின அட்டையிலதான் உன்னைத் தேடினேன் என்று தடுமாறினேன். இப்பத்தான் கேட்டனே, தெரியுது என்றான். நீங்கள் நாங்கள் என்று கதையாதை, வாடா போடா என்று சொல்லு என்று கெஞ்சினேன். வாய் பழகிட்டுது என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்ற பெண்ணின் கூடையை இழுத்தான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, உங்களுக்கென்ன கண் பொட்டையோ என்று மட்டும் கேட்டாள். இதைவிடப் பெரிய கேவலம் அடுத்த நாள். ஆள் கிடைத்துவிட்டான் என்று எல்லாருக்கும் போன் எடுத்தேன். லண்டனில் ஒருத்தன், நீ இல்லாட்டி இது நடந்திருக்குமோடா, நீ ஒரு ஆள்தான் என்றான். சிட்னிக்காரனும் அதையே சொன்னான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒருத்தன் கேட்டபோது, அது பெரிய கதை, பிறகு ஆறுதலாச் சொல்லுறன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல எனக்கு முகமில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக் கதவைத் திறந்ததுமே "டேய் மச்சான்" என்று பெரிதாகக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அண்ணையை இந்த ஆள் என்ன டேய் போடுகிறான் என்று. அவன், "சொல்லுங்கோ" என்றான். அதற்குப் பிறகு நான் அவனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணை என்றும் வராது, டேய் என்றும் வராது. நடுவில் நின்று இருமுவேன்.

அவர்கள் இரண்டு பேரும் நாள்தோறும் கதைத்தார்கள். கடையின் பின்னறையிலிருந்து சிரிப்புக் கேட்கும். சிநேகிதரோடு கதைத்த பிறகுதான் இவர் இரண்டு கரண்டி கஞ்சி குடிக்கிறார் என்று ரொறன்ரோவிலிருந்து மனைவி என்னிடம் சொன்னார். நல்லது, நான் தேடினது அதுக்குத்தானே என்று சொன்னேன். சொல்லும்போது உள்ளுக்குள் பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். நோயாளி அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பனி கரைந்து ரோட்டோரத்தில் சேறாகிக் கிடந்த ஒரு காலை, வேலையில் நிற்கும்போது எனக்குப் போன் வந்தது. கடையிலிருந்து அவன். அவன் எனக்கு எடுத்த முதல் அழைப்பு அதுதான். ரொறன்ரோவிலிருந்து செய்தி முதலில் அவனுக்குப் போயிருக்கிறது. போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

"விடிய முடிஞ்சுதாம்" என்றான். பிறகு மூக்கைச் சீறுகிற சத்தம். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கடைக்கு வரட்டோ என்று கேட்டிருப்பேன். வேண்டாம், இண்டைக்குப் பூட்டிப்போட்டு வீட்டை போறன் என்றான். போனை வைக்கப்போகிறான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. ஒரு உதவி கேட்கிறவனைப் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னான். நக்கல் துளியும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மற்ற ஆக்களுக்கு நீங்களே அறிவிச்சு விடுங்கோ. எனக்கு அவையள் ஒருத்தரோடயும் பழக்கமில்லை. உங்களுக்குத்தானே எல்லாரையும் தெரியும்."